ஊற்றும் சரிவும்: அரநாயக்க மலைகளில் தண்ணீர்த் தட்டுப்பாடு

கேள்வி

கேகாலை மாவட்டம் இலங்கையின் ஈரவலயத்தைச் சேர்ந்தது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை பெய்கிறது. ஐப்பசியில் இடியோடு மறுபடியும் மழை. சராசரி ஆண்டு மழை 2,500 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மகா ஓயா பிறப்பதும் இம்மாவட்டத்தின் அரநாயக்கவைச் சூழ்ந்த மலைகளில்தான். 134 கிலோமீற்றர் ஓடிக் கொச்சிக்கடை அருகே கடலில் கலக்கும்வரை, வழியிலுள்ள நகரங்களும் தொழிற்சாலைகளும் அதை நம்பியே இருக்கின்றன. ஆனால் ஆற்றுக்குத் தாய்மடியான இதே மலைகளில், தை பிறந்து மாசி முடியும்வரை தோட்டத் தொழிலாளரின் லயங்களில் (வரிசை வீடுகளில்), ஊற்றுநீர் விழும் பீலியடியில் குடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

மழை குறைந்த நாட்டில் தண்ணீர் இல்லாமற் போவது புரிந்துகொள்ளக் கூடியது. மழை கொட்டும் நாட்டில், அதுவும் ஊற்றின் அடியிலேயே குடியிருப்பவர்களுக்கு ஏன் தண்ணீர் இல்லை? இந்தக் கட்டுரை ஆராய முற்படுவது இதைத்தான்.

நுவரெலியாவைப் போல அரநாயக்க உயர்ந்த மலைநாடு அல்ல. இது நடுமலை. மேற்சரிவுகளில் தேயிலை, அதற்குக் கீழே இறப்பர், வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும், பள்ளத்தாக்கில் வயல். மக்களில் பெரும்பான்மையோர் சிங்களக் கிராமத்தவர்கள். தோட்டத் தமிழர்கள் அவர்களுக்கிடையே சிதறி வாழ்கிறார்கள். மலையகத்தைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் நின்றுவிடுவதால் கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் சிறு தோட்டங்கள் ஆய்வாளர் கண்ணில் அரிதாகவே படுகின்றன. எண்ணிக்கையில் குறைந்தவர்களாக இருப்பது தண்ணீர் விடயத்திலும் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதலாவது, காலநிலை. இதை ஒதுக்கிவிட முடியாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மழை மலையையே பெயர்த்துக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய வரட்சி 2017 வரை நீண்டு, நாட்டின் பல மாவட்டங்களில் இலட்சக்கணக்கானோரைக் குடிநீருக்குத் தவிக்க விட்டது. பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும், விட்டால் நீண்ட நாள் விடுவதும் ஊற்றுக்கு நல்லதல்ல. சீராக நனையும் மண்ணே நீரை உள்ளே வாங்கும். கொட்டும் மழை மேலோடு ஓடிவிடும். இருந்தாலும் இந்த விளக்கம் ஓரிடத்தில் தடுமாறுகிறது. தோட்டத்தின் மேலும் பக்கத்துக் கிராமத்தின் மேலும் பெய்வது ஒரே மழை. ஆனால் நாட்டைத் தோட்டம், கிராமம், நகரம் என மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் அரச ஆய்வுகளில், பாதுகாப்பான குடிநீர் என்ற வரிசையில் தோட்டம் தொடர்ந்து கடைசியிலேயே நிற்கிறது. அந்த இடைவெளிக்கு வானத்தைக் காரணம் காட்ட முடியாது.

இரண்டாவது, மரம். 1970களிலும் 80களிலும் மலைநாட்டின் வெறும் சரிவுகளிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் நடப்பட்ட பைனஸ் மரங்கள் ஊற்றுகளைக் குடித்துவிட்டன என்பது மலைநாடெங்கும் நிலவும் நம்பிக்கை. தோட்டங்கள் விறகுக்கு வளர்த்த யூக்கலிப்டஸ் மீதும் அதே குற்றச்சாட்டு உண்டு. வேகமாக வளரும் மரங்கள் புல்வெளியைவிட அதிக நீரை ஆவியாக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஊற்று வற்றிய எல்லா இடங்களிலும் பைனஸ் இல்லை. காட்டை அழித்துத் தேயிலை நட்டபோது நேர்ந்த மாற்றம் அதைவிடப் பெரியது. 1840இன் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின் கோப்பியும், அது நோயில் அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் பிடித்த சரிவுகளில், ஊற்றுக்கண்ணுக்கு மேலிருந்த காட்டுத் தொப்பி பல இடங்களில் அகன்றுவிட்டது. மரத்தைக் குறைசொல்லும் வாதம் இந்தப் பழைய வரலாற்றைத் தொடாமல் அண்மைக்கால நடுகையோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது விளக்கம் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுவது: தோட்ட மக்கள் தங்களுக்குக் கொடுத்ததைப் பராமரிப்பதில்லை. இதை ஏற்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பீலியடியில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தாலே இது பொய் என்பது விளங்கும்.

பீலியடியில் உள்ள அறிவு

மலையிடுக்கில் கசியும் நீரைச் சிறு குழியில் தேக்கி, அதன் வாயில் பிளந்த மூங்கிலையோ தகரத்தையோ செருகி, குடம் வைக்கும் உயரத்திலிருந்து விழச் செய்தால் அது பீலி. இன்று மூங்கிலின் இடத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் பிடித்துவிட்டது. லயத்திலிருந்து ஊற்றுக்கண் வரை தேயிலை நிரைகளுக்கு ஊடாக அந்தக் குழாய் பல நூறு யார் ஏறிப்போகும். ஊற்றில் கிடக்கும் குழாய்வாயில் பழைய சேலைத்துணியையோ நைலோன் வலையையோ கட்டியிருப்பார்கள்; கட்டாவிட்டால் இலையும் நண்டும் அடைத்துவிடும். இணைப்பு விட்ட இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொண்டால் எந்த இணைப்பைக் கழற்றினால் நீர் மறுபடி ஓடும் என்பது லயத்தில் இரண்டு மூன்று பேருக்கு அத்துப்படி. முன்பு பல தோட்டங்களில் இந்த வேலைக்கு ஒருவருக்குப் பேர் போட்டார்கள் (நாட்சம்பளம் கொடுத்தார்கள்). இப்போது அது பேர் விழாத வேலை.

பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும்போது முறை தொடங்குகிறது. குடிக்கவும் சமைக்கவும் முதல் உரிமை. துணி துவைப்பது ஆற்றுக்குப் போய்விடும். மேல் லயத்துக்கு எந்நேரம், கீழ் லயத்துக்கு எந்நேரம் என்று வாய்ப்பேச்சாகவே ஒரு சட்டம் உருவாகும். நூல்போல விழும் நீர் ஒரு குடம் நிறைய எடுக்கும் நேரம்தான் அந்தச் சட்டத்தின் அலகு. காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் நேரத்துக்கு) முன் இரண்டு குடமாவது வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காகப் பெண்கள் கோழி கூவுமுன் எழுகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்திறங்கும் நாட்களில்தான் ஊற்றும் மெலியத் தொடங்குகிறது. வீட்டில் ஆள் கூடும்போது தண்ணீர் குறைகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது அம்மாவின் தூக்கமும் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளையின் நேரமும்.

இந்த ஏற்பாட்டை அபிவிருத்தி அறிக்கைகள் ‘மீண்டெழும் திறன்’ என்று பாராட்டுவது வழக்கம். திறன் இருப்பது உண்மை. ஆனால் அந்தத் திறன் குழாயின் கீழ்முனையோடு முடிந்துவிடுகிறது. மேல்முனையில் இருப்பது மற்றவர் அதிகாரம். ஊற்றுக்கு மேலே எந்த மலையில் எப்போது களைநாசினி அடிப்பது, எந்த மரத்தை வெட்டுவது, கானை (வடிகாலை) எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அந்த நீரைக் குடிப்பவர்களுக்குச் சொல் இல்லை. கிளைபோசேட்டை அரசு 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு அளித்தது. அந்தக் காலமெல்லாம் விவாதம் விளைச்சலைப் பற்றியும் கூலிச் செலவைப் பற்றியும் சிறுநீரக நோயைப் பற்றியும் நடந்தது. தேயிலை மலைக்கு நேர்கீழே விழும் பீலிகள் அதில் பேசுபொருளே ஆகவில்லை. மேல் லயத்துக் கழிப்பறைக் குழி கீழ் லயத்து ஊற்றுக்கு மேலே அமைந்துவிடும் அவலமும் இப்படித்தான் நேர்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் அல்லர்.

சட்டம் வகுத்த எல்லை

1912இல் வந்த மருத்துவத் தேவைகள், தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டங்கள், தோட்டத் தொழிலாளியின் சுகாதாரத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. அக்காலத்துக்கு அது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தில், குடிநீர் குடிமகனுக்கு உரியது என்ற நிலை எழவேயில்லை. வேலையாளுக்குத் தோட்டத் துரை தரும் வசதியாகவே அது நிலைத்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அதில் வாக்கு மறுக்கப்பட்டது. கிணறும் வாய்க்காலும் பாதையும் பற்றி முடிவெடுத்த அடிமட்ட அமைப்புக்கு வெளியே அவர்கள் அன்றே நிறுத்தப்பட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த வெளியேற்றத்தை நாடளவுக்கு விரித்தது.

குடியுரிமை படிப்படியாக மீண்டு 2003இல் எஞ்சியோருக்கும் கிடைத்தது. உள்ளூராட்சி மட்டும் அதன்பிறகும் தோட்டத்து எல்லையில் நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியில் வசதி செய்து கொடுப்பதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து வாக்கில் தெரிவான உறுப்பினரே தன் லயத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்ட முடியாத நிலை 2018இல் அப்பிரிவு திருத்தப்படும் வரை நீடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல். பக்கத்துக் கிராமத்துக்குக் குழாய் நீர் எப்படி வந்தது, தோட்டத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைக்காது.

காணி உரிமையும் இதோடு பின்னிக்கிடக்கிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போயிற்று. கம்பனிகள் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. பெரும்பாலான தோட்டங்களில் ஊற்று இருக்கும் மண் இன்றும் அரசுக்கே சொந்தம். அதைக் கம்பனியின் சொத்தாக எல்லோரும் பேசிப் பழகிவிட்டோம். லயத்து மக்களும் ஊற்றைத் துப்புரவு செய்யப் போகும்போது அனுமதி கேட்கிறார்கள்.

தோட்ட வீடமைப்புக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பாக 1992இல் உருவான நிதியம், இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. தோட்டங்களில் அது தாங்கிகள் கட்டியிருக்கிறது, குழாய்கள் பதித்திருக்கிறது. அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கம்பனி, அரசு, தொழிற்சங்கம் ஆகியவற்றைத் தன் அமைப்பில் கொண்ட அந்த நிறுவனம் தேர்தலில் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரதேச சபை சொல்ல வேண்டும். அந்த வேறுபாடு பெரியது.

சேமிப்பதா, வடிப்பதா

2016 மே 17ஆம் திகதி, மூன்று நாள் விடாமழைக்குப் பின், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிறிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய ஆகிய கிராமங்களின் பகுதிகள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே நாளில் இதே மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயக் குடியிருப்பு ஒன்று சரிவில் புதைந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டை ஆராயும் கட்டுரையில் மண்சரிவு எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே மண்ணில் நடப்பவை.

இந்தச் சரிவுகளில் அடிப்பாறையின் மேல், காலங்காலமாக உருண்டுவந்து தங்கிய மண்ணும் கற்களும் தடித்த போர்வையாகக் கிடக்கின்றன. மழை அதற்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து, போர்வை மெலியும் இடத்தில் ஊற்றாகிறது. அளவோடு இறங்கினால் பீலி. அளவுக்கு மேல் இறங்கினால் உள்நீரின் அழுத்தம் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். ஆகவே நல்ல ஊற்று இருக்கும் சரிவும் ஆபத்தான சரிவும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. வீடுகளும் தண்ணீரைத் தேடி அங்கேதான் அமைகின்றன.

வெளியிலிருந்து வரும் தீர்வுகளை இந்த வெளிச்சத்தில் எடைபோட வேண்டும். இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2008இல் தொடங்கிய ‘தாரா விகாஸ்’ திட்டம் உலகெங்கும் பேசப்படுகிறது. ஊற்றுக்கு நீர் ஊட்டும் மேற்பகுதியை நிலவியல் முறைப்படி கண்டுபிடித்து, அங்கே சமவுயரக் குழிகள் வெட்டி மழையை மண்ணுக்குள் இறக்குவதே அதன் வழி. வற்றிய ஊற்றுகள் பல அதனால் உயிர்பெற்றன. தமிழ்நாட்டின் நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அமைப்பும் ஊற்றுகளைக் கணக்கெடுத்துக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் தேயிலை பறிக்கும் மலையும் அதுதான். ஒரே மக்கள், ஒரே பயிர் என்பதால் அங்கே செய்ததை இங்கே செய்துவிடலாம் என்று தோன்றும்.

அரநாயக்கவில் அது அவ்வளவு எளிதல்ல. சரியக்கூடிய மண்ணில் குழிவெட்டி நீரை இறக்குவது உயிரோடு விளையாடுவது. இலங்கையில் மண்சரிவுத் தடுப்பின் முதல் பாடம் இதற்கு நேர் எதிரானது: சரிவிலிருந்து நீரை வடித்துவிடு. தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வெட்டிவரும் கான்களின் வேலையும் அதுவே. மழைநீரை விரைந்து ஓடையில் சேர்த்து மண்ணரிப்பைக் குறைக்கின்றன அவை. கான் அடைபட்டால் நீர் உள்ளே இறங்கிச் சரிவைப் பலவீனமாக்கும். கானை ஒழுங்காக வைத்திருந்தால் மாசியில் ஊற்றுக்கு மிஞ்சுவது குறையும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றதை இழக்கும் நெருக்கடி இது. நீர்த் திட்டங்களை வகுப்பவர்களும் மண்சரிவு வரைபடம் வரைபவர்களும் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பதால் இந்த முரண்பாட்டை ஒருவரும் முழுதாகக் கையாள்வதில்லை.

என் முடிவு இது: செங்குத்தான, ஆபத்து எனக் குறிக்கப்பட்ட சரிவுகளில் நீரை மண்ணில் சேமிக்க முயலக்கூடாது, தொட்டியில் சேமிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் பங்குக்கு லயக் கூரையில் 20 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 2,500 மில்லிமீற்றர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 40,000 லீற்றர் விழுகிறது. ஐந்து பேர் கொண்ட வீட்டில் ஆளுக்கு 20 லீற்றர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 100 லீற்றர் போதுமென்றால், நிறைந்த 5,000 லீற்றர் தொட்டி 50 நாள் தாங்கும். வரண்ட காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். கூரைநீர் சேகரிப்பு இலங்கைக்குப் புதிதும் அல்ல. 1990களின் நடுவிலிருந்தே பதுளை, மாத்தறைக் கிராமங்களில் தொட்டிகள் கட்டப்பட்டன. லயங்களில் அது பரவாததற்கு மழையோ தொழில்நுட்பமோ காரணமில்லை. துருப்பிடித்த தகரக் கூரை பொதுக்கூரை. அந்தக் கூரையும் தொட்டி வைக்கும் நான்கடி நிலமும் குடியிருப்பவருடையவை அல்ல.

சரிவு குறைந்த இடங்களில், நிலவியல் ஆய்வுக்குப் பின், ஊற்றுக்கு மேலே காட்டு மரங்களை மீட்பது வேறு விடயம். அது செய்யப்படத்தான் வேண்டும்.

சப்ரகமுவ அனுபவத்திலிருந்து

உலக வங்கிக் கடனுதவியோடு 1993இல் தொடங்கிய சமுதாய நீர்வழங்கல், சுகாதாரத் திட்டம் இரத்தினபுரி மாவட்டத்தையும் உள்ளடக்கியது. ஊரார் சங்கம் அமைத்து, உழைப்பும் பணமும் போட்டு, மாதக் கட்டணம் வசூலித்துத் தாங்களே நடத்தும் முறை அது. கேகாலையும் இரத்தினபுரியும் இடம்பெற்ற 2015இன் பெரிய திட்டம் தோட்டங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இடையில் 2014இல் இத்தகைய சங்கங்களுக்கென்றே தேசிய சமுதாய நீர்வழங்கல் திணைக்களமும் உருவானது.

கிராமத்தில் இந்த முறை நடக்கிறது. ஊற்று இருக்கும் காணிக்காரர் சங்கத்தில் ஒருவராக, அல்லது உறவினராக இருப்பார். சண்டை வந்தாலும் பேசித் தீர்க்க முடியும். தோட்டத்தில் சங்கம் அமைத்தாலும் ஊற்று சங்கத்தின் கையில் இல்லை. குழாய்க்கும் தாங்கிக்கும் பொறுப்பேற்கச் சொல்லும் திட்டம், நீர் பிறக்கும் நிலத்தின் மேல் எந்த அதிகாரத்தையும் அவர்களுக்குத் தருவதில்லை. பழுதானால் ‘மக்கள் பராமரிக்கவில்லை’ என்ற பழிச்சொல் மட்டும் வந்து சேர்கிறது.

நீருக்கு மேலும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள். 1990களின் பின்பாதியிலிருந்து தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் விற்கும் சிறு நீர்மின் நிலையங்கள் சப்ரகமுவவின் ஓடைகளில் பெருகின. அரநாயக்கவின் அசுபினி எல்ல நீர்வீழ்ச்சியை ஒட்டியும் ஒன்று உண்டு. ஓடை நீரைக் குழாயில் திருப்பிவிட்டால் இடைப்பட்ட தூரத்தில் ஓடை மெலியும். குளிக்கவும் துவைக்கவும் அந்த ஓடையை நம்புவோரைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு அனுமதி வழங்கும் முறையில் வலுவாக இருக்கவேண்டும்.

உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2018இல் திருத்திய பிரதேச சபைச் சட்டத்தின் துணையோடு அரநாயக்கப் பிரதேச சபை தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பீலியையும், தோட்டமென்றும் கிராமமென்றும் பாராமல், ஒரு பதிவேட்டில் ஏற்றலாம்: எங்கே இருக்கிறது, எத்தனை வீடு நம்பியிருக்கிறது, மாசியில் குடம் நிறைய எவ்வளவு நேரம், மேலே என்ன பயிர். இந்தத் தகவல் முழுவதும் பீலியடியிலேயே கிடைக்கும். மண்சரிவு எச்சரிக்கைக்கும் அதே பதிவேடு உதவும். திடீரென ஊற்று கலங்குவதும், நின்றுபோவதும், புதிய இடத்தில் நீர் பீறிடுவதும் சரிவின் முன்னறிகுறிகள் எனத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவருகிறது. அந்த மாற்றத்தை எவருக்கும் முன்னே காண்பவர் விடியுமுன் குடத்தோடு போகும் பெண். அவர் கண்டதைச் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும், அதைக் கேட்டு மறுநாளே ஏறிவந்து பார்க்கும் ஓர் உத்தியோகத்தரும் வேண்டும்.

பதிவேடு மட்டும் உரிமையாகிவிடாது. ஊற்றையும் அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தையும் நில அளவைப் படத்தில் குறித்து, கம்பனிக் குத்தகையிலிருந்து பிரித்துப் பொதுவாக்க வேண்டும். குத்தகைக் காலம் 2045இல் முடிகிறது. இப்போது தோட்டக் குடும்பங்களுக்குக் காணியும் தனிவீடும் வழங்கும் திட்டங்கள் நடக்கின்றன. அந்த உறுதிப்பத்திரங்களில் வீட்டு மனையின் நான்கு எல்லையும் எழுதப்படுகிறது. அந்த வீட்டுக்கு நீர் தரும் ஊற்று எது, அதை எடுக்க வழி எது என்பதும் அதே பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.